பன்னிரண்டாவது அம்பு

என் கையெழுத்தைப் படிப்பவர்கள் கொஞ்சம் பொறுத்துக்கொள்ள வேண்டும். அஞ்சாம் வகுப்போடு எனக்குப் பள்ளிக்கூடம் முடிந்துவிட்டது. எந்த இடத்தில் எந்த ‘ள’ வரும் என்று இன்றைக்கும் நிச்சயமில்லை. வரி நேராக நிற்காது, பாரம் ஏற்றிய வண்டி மேடேறுவதுபோல ஒரு பக்கமாகத் தூக்கிக்கொண்டு போகும். ஆனால் பேசச் சொன்னால் இதைவிட மோசம். நாலு பேர் நடுவில் எனக்கு வாய் திறக்காது. அதனால் எழுதுகிறேன். எழுத வைத்தது ஒரு கருப்பு அம்பு. நான் வேலை பார்க்கும் வில்வித்தை கிரவுண்டின் சாமான் அறையில், உத்தரத்தில் அடித்த இரண்டு ஆணிகள் மேல் அது பல வருடங்களாகக் கிடந்தது. நூலாம்படை தட்டும்போதெல்லாம் அதை எடுத்துத் துடைப்பேன், முனையைப் பிடித்து ஒரு இழு இழுத்துப் பார்ப்பேன், திரும்பவும் அங்கேயே வைத்துவிடுவேன். அந்த அம்பின் மேல் எனக்கு நம்பிக்கை கிடையாது. அதை ஒட்டியவர் மேலும் இருந்ததில்லை.

கிரவுண்டு பெரம்பலூரிலிருந்து அரியலூர் போகும் ரோட்டில் இருக்கிறது. சுண்ணாம்புக்கல் லாரி போகும் பாதை என்பதால் காலையில் பெருக்கிய இடத்தில் மதியம் மறுபடியும் வெள்ளையாகப் படிந்திருக்கும். தண்ணீர் விடுவது, டார்கெட் கட்டுவது, புல் வெட்டுவது என் வேலை. போகப் போக அம்பு ஒட்டுவதும் என் தலையில் வந்தது. கார்பன் அம்பு என்பது உள்ளே ஒன்றும் இல்லாத குழாய். அதன் முன்வாயில் விரல்கணு அளவுக்கு ஒரு அலுமினியத் துண்டைச் செருகி ஒட்ட வேண்டும். அதற்குப் பெயர் இன்சர்ட். அதனுள்ளே மரை இருக்கும், அந்த மரையில்தான் முனையைத் திருகுவார்கள். டார்கெட்டில் ஆழமாய்க் குத்திய அம்பைப் பிடுங்கும்போது முனையும் கூடவே வந்தால் ஒட்டு நல்ல ஒட்டு. குழாய் மட்டும் கையோடு வந்து, முனை டார்கெட்டுக்குள்ளேயே தங்கிவிட்டால் ஒட்டியவனுக்கு ஏச்சு.

எதை வைத்து ஒட்டுவது என்பதில் ஆளுக்கொரு கட்சி உண்டு. நான் சூட்டுப் பசைக் குச்சிக் கட்சி. ஸ்டவ்வில் இன்சர்ட்டைச் சூடுகாட்டி, குச்சியை அதன்மேல் உருட்டி, சுற்றிக்கொண்டே உள்ளே தள்ள வேண்டும். ஆறியதும் பிடித்துக்கொள்ளும். கோணலாகிவிட்டால் மறுபடியும் சூடுகாட்டிக் கழற்றிவிடலாம். ஆனால் குழாயை நெருப்பில் காட்டக் கூடாது, கார்பன் கெட்டுவிடும். சித்திரை வெயிலில் வண்டிமேல் வைத்துவிட்டால் பசை இளகிவிடும் என்பது அதன் மேல் உள்ள புகார். இரண்டு டியூப்பைக் கலந்து ஒட்டுகிற பசை வெயிலுக்கு அசையாது, ஆனால் ஒரு முழுநாள் தொடாமல் வைத்திருக்க வேண்டும், தப்பாக ஒட்டினால் திருத்துவது பாடு. சொட்டு விட்டதும் ஒட்டுகிற பசை அவசரக்காரர்களுடையது. ஒட்டும், ஆனால் கல்லில் ஒரு அடி பட்டால் சில்லாக உடைந்துபோகும்.

இந்த மூன்றையும் நம்பாத ஒரு மனிதரைப் பற்றித்தான் சொல்லப் போகிறேன். பெயர் வேண்டாம். எல்லாரும் அவரை ஃபிட்டர் என்போம். நான் அண்ணே என்று கூப்பிடுவேன். அரியலூர்ப் பக்கம் ஒரு சுண்ணாம்புக்கல் சுரங்கத்தின் ஒர்க்ஷாப்பில் வேலை. மனைவி இறந்துவிட்டார், ஒரே மகள். அந்தப் பிள்ளை எங்கள் கிரவுண்டில் வில் பழகியது, என்னை மாமா என்று கூப்பிடும். ஷிஃப்ட் முடிந்ததும் பிள்ளையை மொபெட்டில் உட்காரவைத்துக் கூட்டிவருவார். டீக்கடையில் டம்ளரை வெளிச்சத்தில் தூக்கிப் பார்க்காமல் குடிக்க மாட்டார். பெஞ்சை ஒரு ஆட்டு ஆட்டிப் பார்க்காமல் உட்கார மாட்டார். முதல்முதலாகக் கிரவுண்டுக்கு வந்த அன்று மகள் வில்லைத் தொடுவதற்கு முன்னால் டார்கெட் ஸ்டாண்டில் இருந்த போல்ட்டையெல்லாம் ஒவ்வொன்றாகத் திருகிப் பார்த்தார். நான் பக்கத்தில் போய், “எல்லாம் டைட்டாதாண்ணே இருக்கு” என்றேன். திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. “நீ சொல்லாதப்பா, ஸ்பேனர் சொல்லட்டும்” என்றார்.

பிள்ளைக்கு ஒரு டஜன் புது அம்பு வந்தது. குழாய்களைக் கிரவுண்டில் வைத்தார், இன்சர்ட் பாக்கெட்டை மட்டும் வீட்டுக்கு எடுத்துக்கொண்டு போனார். “இங்க வச்சா கைமாறிரும்” என்றார். என்னைப் பார்த்துச் சொல்லவில்லை, ஆனால் அப்போது அங்கே என்னைத் தவிர வேறு ஆள் இல்லை. ஒரு வாரம் கழித்து இன்சர்ட்டுகளை ஒரு பழைய பவுடர் டப்பாவில் போட்டுக் கொண்டுவந்தார். நான் குழாயின் உள்ளே ஸ்பிரிட் தொட்ட பஞ்சால் துடைத்து, குச்சிப் பசை வைத்துப் பன்னிரண்டையும் ஒட்டினேன். அவர் எதிரே குத்துக்கால் போட்டு உட்கார்ந்து, கண் இமைக்காமல் என் கையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

அரியலூரில் நடந்த மாவட்டப் போட்டியில் அந்த அம்புகள் மானத்தை வாங்கின. முதல் சுற்று முடிந்து பிள்ளை அம்பைப் பிடுங்கினாள். இரண்டு முனை டார்கெட்டுக்குள்ளேயே நின்றுவிட்டது. அடுத்த சுற்றில் ஒன்றின் இன்சர்ட் பாதி வெளியே வந்து ஆடிக்கொண்டிருந்ததை யாரும் கவனிக்கவில்லை. அது பறந்து போய்த் தரையில் குத்தியது. அதற்குப் பிறகு பிள்ளை ஒவ்வொரு அம்பையும் எய்வதற்கு முன்னால் முனையைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தாள். தோற்றுவிட்டாள். ஃபிட்டர் அண்ணன் டார்கெட்டுக்குப் பின்னால் போய், உள்ளே நின்ற முனையை இடுக்கியால் எடுத்து, வெயிலில் திருப்பித் திருப்பிப் பார்த்தார். “இது தானா வந்ததில்ல. வரவச்சது” என்றார். சுற்றி நின்றவர்கள் எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். எனக்கு நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டது. அந்த ஒட்டு மட்டும் விடவே இல்லை.

அடுத்து வரப்போவது இதைவிடப் பெரிய காரியம். விளையாட்டு விடுதிக்கு ஆள் எடுக்கும் தேர்வு. அதில் எடுபட்டால் பிள்ளைக்குப் படிப்பு, சாப்பாடு, பயிற்சி எல்லாம் சென்னைப் பக்கம் ஒரே இடத்தில். வயது வரம்பு இருந்ததால் அந்த வருடம் விட்டால் அப்புறம் கிடையாது. எங்கள் மாஸ்டர் இளவயதுக்காரர், யாரையும் நோக வைக்கத் தெரியாதவர். அவரிடம் ஃபிட்டர் அண்ணன் கறாராகச் சொல்லிவிட்டார். “தேர்வுலயும் இப்படி ஆச்சுன்னா, ஒண்ணு இந்த ஆள் இங்க இருக்கணும், இல்ல எம் புள்ள இருக்கணும். நீங்களே முடிவு பண்ணிக்கங்க மாஸ்டர்.” நான் தண்ணீர்க் குழாயைப் பிடித்தபடி பக்கத்தில்தான் நின்றேன். மாஸ்டர் என்னைப் பார்க்காமல் தரையைப் பார்த்தார். எனக்குத் தெரிந்த வேலை இது ஒன்றுதான். வேறு இடத்தில் போய்ப் பேசி வேலை கேட்பது என்னால் ஆகாது.

அவர் அம்புகளை எல்லாம் வீட்டுக்கு எடுத்துப் போய், என் பசையைச் சுரண்டிவிட்டு, தன் கையாலேயே இரண்டு டியூப் பசை வைத்து ஒட்டினார். பெட்டியில் பூட்டி, சாவியை அரைஞாணில் கட்டிக்கொண்டார். பயிற்சிக்கு வரும்போது திறப்பார், முடிந்ததும் பூட்டுவார். நான் டார்கெட் பக்கம் போனால்கூட, “தள்ளியே நில்லுப்பா” என்பார். அப்படியும் முனைகள் கழன்றன. இன்றைக்கு ஒன்று, நாளைக்கு ஒன்று என்று டார்கெட்டுக்குள் நின்றன.

அப்போதுதான் எனக்கு அவர் மேல் சந்தேகம் புரண்டது. என் கை படவில்லை. அவரே ஒட்டினார், அவரே பூட்டினார். பிறகு யார் வரவைத்தது? முன்பு ஒரு நாள் அவர் மாஸ்டரிடம் பேசிக்கொண்டிருந்தது ஞாபகம் வந்தது. “எடுபட்டா போய்த்தான் ஆவணும். வூட்ல அப்புறம் நானும் சுவரும்தான்” என்று சிரித்துக்கொண்டே சொன்னார். அந்தச் சிரிப்பை நான் மறுபடியும் மறுபடியும் நினைத்துப் பார்த்தேன். மகள் தோற்றால் மகள் வீட்டிலேயே இருப்பாள். பழியைச் சுமக்க வாய் பேசாத ஒருவன் கிரவுண்டில் இருக்கிறான். இப்படி ஒரு மனிதன் செய்வானா என்று கேட்டால், செய்வான் என்றுதான் அப்போது எனக்குத் தோன்றியது. யாரிடமும் சொல்லவில்லை. ஆனால் அவர் என் கையைப் பார்த்ததுபோலவே நானும் அவர் கையைப் பார்க்க ஆரம்பித்தேன். பயிற்சி நேரத்தில் பிள்ளை டார்கெட்டைப் பார்க்கும், நாங்கள் இருவரும் ஒருவர் கையை ஒருவர் பார்த்துக்கொண்டிருப்போம்.

மாஸ்டர்தான் ஒரு வழி சொன்னார். வெட்டிய குழாய்த் துண்டு மூன்றில், மூன்று பசையையும் தனித்தனியாக வைத்து இன்சர்ட்டை ஒட்டுவது. மரையில் கொக்கியைத் திருகி, வேப்பமரத்தில் தொங்கவிட்டு, அடியில் மணல் பையைக் கட்டுவது. எது தாங்குகிறதோ அந்தப் பசை. ஒட்டும்போது ஃபிட்டர் அண்ணன் டப்பாவில் மிச்சமிருந்த இன்சர்ட்டைத் தன் கையாலேயே எடுத்துக் கொடுத்தார். ஒரு முழுநாள் காயவிட்டோம், டப்பாவையும் துண்டுகளையும் மாஸ்டர் தன் அலமாரியில் பூட்டினார். மறுநாள் சாயங்காலம் நாங்கள் நாலு பேரும் மரத்தடியில் உட்கார்ந்தோம். புளியம்பழத்துக்குக் காவல் இருப்பதுபோல மேலேயே பார்த்துக்கொண்டிருந்தோம். சொட்டுப் பசை முதலில் விட்டது. கொஞ்ச நேரத்தில் குச்சிப் பசை. பிள்ளை கைதட்டி, “அப்பா பசைதான் ஜெயிக்குது” என்று சொல்லி வாயை மூடுவதற்குள் அந்தப் பையும் தொப்பென்று விழுந்தது.

“மூணும் ஒண்ணு போல விழுந்தா பசை மேல தப்பில்லண்ணே” என்றார் மாஸ்டர்.

“அப்ப ஆள் மேலதான்” என்றார் ஃபிட்டர் அண்ணன்.

“மரத்துல யாருண்ணே ஏறுனா? நாலு பேரும் பாத்துக்கிட்டுத்தானே இருந்தோம்.”

“அது எனக்குத் தெரியாது. குரங்கும் இல்ல, காத்தும் இல்ல.”

நான் கீழே விழுந்த இன்சர்ட்டைப் பொறுக்கினேன். பசை அதில் ஒரு பொட்டுகூட இல்லை, பளபளவென்று இருந்தது. குழாயின் உள்ளே பார்த்தேன். பசை முழுசாக அங்கேயே, பாம்புச் சட்டை மாதிரி வட்டமாக நின்றது. அதாவது பசை கார்பனைப் பிடித்திருக்கிறது, அலுமினியத்தைப் பிடிக்கவே இல்லை. என் வெள்ளைத் துண்டில் இன்சர்ட்டைத் துடைத்தேன். லேசான மஞ்சள் தடம் விழுந்தது. மோந்து பார்த்தேன். மிஷின் ஆயில். ஸ்டவ் பக்கத்தில் ஒட்டும்போது மண்ணெண்ணெய் வாடையில் எனக்கு அது பிரித்துத் தெரிந்ததில்லை. அவருடைய பவுடர் டப்பாவைத் திறந்தேன். அடியில் நாலாக மடித்த ஒரு கந்தல், ஆயிலில் ஊறி, அதன்மேல் மிச்ச இன்சர்ட்டுகள்.

“இது என்னண்ணே?” என்றேன். அவரிடம் நான் கேட்ட முதல் கேள்வி அதுதான் என்று நினைக்கிறேன்.

“ஆயில் துணி. சாமான வேற எப்படி வைப்பாங்க? துரு ஏறாது?” என்றார். இதுகூடத் தெரியாதா என்பதுபோல என்னைப் பார்த்தார். ஒர்க்ஷாப்பில் அவர் ஆயுசு முழுக்கப் பழகியது அது. இரும்பைக் காயவிட்டுப் போவது அவருக்கு, பிள்ளையைப் பட்டினி போட்டுவிட்டுப் போவதுபோல. அலுமினியத்துக்குத் துரு ஏறாது என்று யாராவது சொல்லியிருந்தாலும், நீ சொல்லாதப்பா என்றுதான் சொல்லியிருப்பார். கைமாறிவிடும் என்று பயந்து எடுத்துப் போகாமல் பாக்கெட்டோடு கிரவுண்டிலேயே விட்டிருந்தால் ஒன்றும் ஆகியிருக்காது.

நான் இன்சர்ட்டை நீட்டி, “ஆயில் வாடை. கொஞ்சம் மோந்து பாருங்கண்ணே” என்றேன். மோந்தார். மறுபடியும் மோந்தார். “ஒரு வாடையும் இல்லியே. என்ன கதை கட்டுற?” என்றார். அவர் பொய் சொல்கிறார் என்றே நினைத்தேன். பிள்ளை என் கையிலிருந்து அதை வாங்கி மூக்கருகில் கொண்டுபோனாள். “அப்பா வாசனை” என்றாள். பிறகு அவள் முகம் மாறியது. “அப்பா, இது உங்க வாசனைப்பா. மாமா ஆயில்ங்கிறது இதத்தான். எனக்கு எப்பவும் அம்புலயெல்லாம் வரும். நீங்க தொட்டீங்க, அதான் வருதுன்னு நெனச்சேன்.”

ஃபிட்டர் அண்ணன் தன் இரண்டு உள்ளங்கையையும் விரித்து வைத்துக்கொண்டு பார்த்தார். அந்த ரேகைகளில் கருப்பு எப்போதும் போகாது. அவருக்கு அது வாடையே இல்லை, காற்று மாதிரி. பிறகு என்னை நிமிர்ந்து பார்த்துச் சொன்னார். “வேணும்னு பண்ணலப்பா.”

யாரும் அப்படிக் கேட்கவில்லை. மாஸ்டர் கேட்கவில்லை, பிள்ளை கேட்கவில்லை. நான் மனசுக்குள்ளே நினைத்தது மட்டும்தான். வெளியே வராத குற்றச்சாட்டுக்கு இவர் ஏன் பதில் சொல்கிறார்? என் சந்தேகம் அந்த நிமிஷத்தில் தீர்ந்திருக்க வேண்டியது, அதற்குப் பதிலாக வேர் விட்டது.

தேர்வுக்கு இரண்டு நாள்தான் இருந்தது. எந்தப் பசை என்று கேட்டதற்கு, “வெயில்ல நிக்கணும், ரெண்டு டியூப்பே போடுங்க” என்று பிள்ளையே சொன்னாள். எல்லா இன்சர்ட்டையும் அன்றைக்கே கழற்றி ஸ்பிரிட்டில் போட்டு எடுக்க வேண்டும். பதினொன்று கையால் இழுத்ததுமே வந்தன. பன்னிரண்டாவது வரவில்லை. இடுக்கி போட்டேன், அப்போதும் வரவில்லை. “அத விடு. அது நேத்து ராத்திரி ஒட்டுனது. நல்லா இருக்கு” என்றார் அவர், அவசரமாக. ஏன் அதை மட்டும் விடச் சொல்கிறார்? இதுவரை கழலாததுதான் தேர்வில் கழலும் என்று என் மனம் சொன்னது. “இது போகக் கூடாதுண்ணே, பதினொண்ணு போதும்” என்று மாஸ்டரைப் பார்த்துச் சொன்னேன். ஃபிட்டர் அண்ணன் ஏதோ சொல்ல வாயெடுத்தார். பிறகு மூடிக்கொண்டார். “சரிப்பா. நீ சொன்னா சரி” என்றார். ஸ்பேனரைக் கேட்கவில்லை. நான் அந்த அம்பை உத்தரத்தில் எடுத்து வைத்தேன்.

ஒரு பழைய கல்யாணப் பத்திரிகையின் முதுகில் தீக்குச்சியால் பசையைக் குழைத்தேன். அவர் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். “அப்பா, கைய நீட்டாதீங்க” என்று பிள்ளை அதட்டி, இரண்டு கையிலும் பாலிதீன் பையை மாட்டி மணிக்கட்டில் ரப்பர் பேண்டு போட்டுவிட்டாள். “டாக்டர், ஆபரேஷன் எப்ப?” என்று கேட்டார் மாஸ்டர். ஃபிட்டர் அண்ணனும் சிரித்தார். நான் சிரிக்கவில்லை. பையில் ஓட்டை இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டிருந்தேன்.

தேர்வில் ஒரு முனையும் கழலவில்லை. பிள்ளை எடுபட்டாள். அம்பைப் பிடுங்கும்போதெல்லாம் அப்பாவைத் திரும்பிப் பார்த்தாள், அவர் என்னைப் பார்த்தார். என் வேலை போகவில்லை. விடுதிக்கு அவளை பஸ் ஏற்றிவிட்ட பிறகு அவர் கிரவுண்டுக்கு வருவதை நிறுத்திவிட்டார். எப்போதாவது அரியலூர் பஸ் ஸ்டாண்டில் பார்த்தால், “போல்ட்டெல்லாம் டைட்டா இருக்காப்பா?” என்பார். “இருக்குண்ணே” என்பேன். அதோடு அவரவர் பஸ்ஸைப் பார்த்துப் போய்விடுவோம். போன வருடம் நெஞ்சுவலியில் இறந்துபோனார். நான் போய் மாலை போட்டுவிட்டு ஓரமாக நின்றேன். அப்போதும் அந்த மூடிய கைகளைத்தான் பார்த்தேன்.

போன மாதம் அந்தப் பிள்ளை கிரவுண்டுக்கு வந்தாள். இப்போது வேறு ஊரில் அவளே கோச். சின்னப் பசங்கள் சுற்றி நின்று போட்டோ எடுத்தார்கள். எல்லாரும் போன பிறகு சாமான் அறைக்கு வந்து, கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

“மாமா, ஒண்ணு கேக்கணும். தப்பா நெனைக்காதீங்க. அப்பா வேணும்னே பண்ணியிருப்பாரா?”

என் ஒருவன் நெஞ்சில் மட்டும் கிடக்கிறது என்று நினைத்தது, மகள் நெஞ்சிலும் இத்தனை வருடம் கிடந்திருக்கிறது. “ஏன்மா கேக்குற?” என்றேன்.

“நான் போனதுலேருந்து ஒரு வேளை சோறு கூட ஒழுங்கா திங்கல அவரு. போக விடாம இருக்கத்தான் பண்ணாரோன்னு ஒரு தடவ நெனச்சிட்டேன். அப்புறம் அது போக மாட்டேங்குது. உயிரோட இருந்தப்ப கேக்கவும் முடியல.”

வாயால் பதில் சொல்ல என்னால் முடியாது. உத்தரத்திலிருந்து அம்பை எடுத்தேன். எதற்காக அதை எடுத்தேன் என்று இப்போதும் தெரியவில்லை. அன்றைக்கு அவர் விடச் சொன்ன அம்பு இது என்று சொன்னேன். ஸ்டவ்வைப் பற்றவைத்து, குழாயில் சூடு படாமல் முனையை மட்டும் காட்டினேன். இடுக்கியால் பிடித்துத் திருகினேன். வரவில்லை. மறுபடியும் காட்டினேன். அவள் குழாயைப் பிடித்துக்கொண்டாள், நான் இழுத்தேன். ரொம்ப நேரம் அடம் பிடித்துவிட்டு, முனகிக்கொண்டு வெளியே வந்தது.

ஆறியதும் விளக்கடியில் வைத்துப் பார்த்தோம். இன்சர்ட்டின் உடம்பு முழுக்கக் கோடுகள். முக்கோண அரத்தால் குறுக்கும் நெடுக்குமாக, பாய் பின்னியதுபோல ஒரே சீராகக் கீறியிருந்தது. ஒவ்வொரு கீறலிலும் பசை இறங்கிப் பிடித்திருந்தது. அரிசி நான்கைச் சேர்த்து வைத்த நீளம்தான் அந்தத் துண்டு. அதை எதில் இடுக்கிப் பிடித்தாரோ, எவ்வளவு நேரம் அராவினாரோ. ஒன்றை மட்டும் இப்படிச் செய்து பார்த்திருக்கிறார், பிடித்தால் மற்றதையும் செய்யலாம் என்று. மறுநாளே ஆயில் கதை வெளியாகிவிட்டது. அதற்கப்புறம் இதைச் சொல்ல அவருக்கு வாய் வரவில்லை. வாய் வராததைப் பற்றி எனக்குத் தெரியாதா?

“கழலணும்னு நெனைக்கிறவரு அரம் எடுக்க மாட்டாரும்மா” என்றேன்.

அவள் அதை மூக்கருகில் கொண்டுபோனாள். கொஞ்ச நேரம் வைத்திருந்தாள். “வரல மாமா. சூட்டுல போயிடுச்சு” என்றாள். பிறகு கட்டைவிரல் நகத்தை அந்தக் கோடுகளின் மேல் மெல்ல ஓட்டினாள். கர் கர் என்று சத்தம் வந்தது. திரும்பவும் ஓட்டினாள். திரும்பவும் கேட்டது.

இன்சர்ட்டை அவள் எடுத்துப் போய்விட்டாள். வெறும் குழாயை நான் ஆணிகள் மேலேயே வைத்திருக்கிறேன். நூலாம்படை தட்டும்போது எடுத்துத் துடைக்கிறேன். இழுத்துப் பார்க்க அதில் இனி ஒன்றும் இல்லை.

எழுதி முடித்தது ஐப்பசி மாதம், தீபாவளிக்கு முந்தின வெள்ளிக்கிழமை.